சவாரோ எப்போ செத்துப்போச்சு?

இந்த எபிசோடை ஒரு துக்கச் செய்தியோட ஆரம்பிக்கிறேன். என் பால்கனியில நாலு வருஷமா நின்னுட்டிருந்த கேக்டஸ் போன ஜனவரியில விழுந்திடுச்சு. மேசை மேல வைப்போமே, அந்த உருண்டை வகை இல்ல. தூண் மாதிரி நேரா மேல போற வகை, செரியஸ்னு பேரு. என் இடுப்பு உயரத்துக்கு வந்திருந்துச்சு. பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டு வந்து கதவைத் திறக்கிறேன், தொட்டிக்கு வெளியே நீட்டிப் படுத்துக் கிடக்கு. அடிப்பக்கம் முழுக்க கொழகொழன்னு அழுகல்.

ஒரு துண்டை வெட்டி கவர்ல போட்டு, வாங்கின நர்சரிக்கே எடுத்துட்டுப் போனேன். அங்க இருந்த அக்கா அதை ரெண்டு விரலால அமுக்கிப் பாத்துட்டு, "இது இப்போ சாகல தம்பி. நவம்பர் மழையிலயே வேர் அழுகியிருக்கும். உடம்புல தண்ணி இருந்துச்சு, அதை வச்சு நின்னுட்டிருந்துச்சு. விழுந்ததைத்தான் நீங்க பாத்திருக்கீங்க"ன்னாங்க.

எனக்கு சுருக்குன்னுச்சு. ஏன்னா டிசம்பர்ல அது லேசா மஞ்சளடிச்சதை நான் கவனிச்சேன். பூஞ்சையா இருக்கும்னு மருந்து வாங்கி அடிச்சேன். தாகமா இருக்கும்னு கூடுதலா ரெண்டு மக் தண்ணியும் ஊத்தினேன். செத்த செடிக்கு ரெண்டு மாசம் வைத்தியம் பாத்திருக்கேன்.

அன்னைக்கு ராத்திரி கேக்டஸ் அழுகலைப் பத்தித் தேட ஆரம்பிச்சவன், எங்கெங்கேயோ போய் அமெரிக்காவுல அரிசோனா மாநிலத்துல நின்னேன். அங்கே நான் பண்ணின அதே தப்பை ஒரு காட்டுக்கே பண்ணியிருக்காங்க. அரசாங்கம், பல்கலைக்கழகம், தாவர நோய் நிபுணர்கள் எல்லாரும் சேர்ந்து, அக்கறையோட. இன்னைக்கு அந்தக் கதைதான்.

முதல்ல ஆளை அறிமுகப்படுத்திடறேன். கௌபாய் படத்துல, ரெண்டு கையையும் தூக்கிட்டு ஒரு கேக்டஸ் நிக்கும் இல்லையா, அதுதான் சவாரோ. எழுத்துல நடுவுல ஒரு 'க' வரும், அதை உச்சரிக்க மாட்டாங்க. நம்ம 'சவாரி'க்குப் பக்கத்துல வர்ற மாதிரி சவாரோன்னு சொன்னாப் போதும். படத்துல டெக்சாஸ், நெவாடான்னு எல்லா இடத்துலயும் அதைக் காட்டுவாங்க, அது சும்மா. இயற்கையா அது வளர்றது சோனோரன் பாலைவனத்துல மட்டும்தான்: அரிசோனாவோட தெற்குப் பக்கம், மெக்சிகோவோட சோனோரா மாநிலம், கலிஃபோர்னியா எல்லையில கொஞ்சம்.

40, 50 அடி உயரம் போகும். தண்ணி குடிச்சு நிறைஞ்ச பெரிய சவாரோ 6 டன் கூட இருக்கும். ஆனா வளர்ற வேகத்தைக் கேட்டா சிரிப்பீங்க. முதல் எட்டு வருஷத்துல ஒண்ணு, ஒன்றரை அங்குலம். பூக்கவே சுமார் 35 வயசாகணும். முதல் கை முளைக்க 50லேர்ந்து 70 வருஷம், மழை கம்மியான இடத்துல இன்னும் தாமதமாகும். ஆயுள் 150 வருஷத்துக்கு மேல. இந்தக் கணக்கைக் கொஞ்சம் மனசுல வச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

இந்தச் செடியோட பருவங்களை முதல்ல படிச்சவங்க விஞ்ஞானிகள் இல்ல. டொஹோனோ ஓதம் அப்படின்னு அந்தப் பாலைவனத்தோட பூர்வகுடி மக்கள். அவங்க வருஷமே சவாரோ பழத்தோடதான் பிறக்கும். ஏப்ரல் கடைசியில பூ ஆரம்பிக்கும். வெள்ளைப் பூ, ராத்திரியில விரியும், மறுநாள் மதியத்துக்கு மேல மூடிடும். ஜூன்ல பழம் சிவக்கும். ஜூன்ல அங்கே வெயில் எப்படின்னு நம்ம வேலூர்க்காரங்களுக்கு விளக்க வேண்டியதில்ல. சுத்தி எல்லாம் காய்ஞ்சு கிடக்கிற நேரத்துல உச்சியில இது மட்டும் சிவப்பா பழுத்து நிக்கும். செத்த சவாரோவோட உள்ளே நீள நீளமா மரக் குச்சிகள் இருக்கும், அதோட விலா எலும்புன்னு வச்சுக்குங்களேன். அதையே கட்டி நீளத் தொரட்டி செஞ்சு, உச்சியில இருக்கிற பழத்தைத் தட்டி எடுப்பாங்க. காய்ச்சிப் பாகு எடுப்பாங்க, அந்தப் பாகைப் புளிக்க வச்சு மது செஞ்சு, மேகத்தை அழைக்கிற சடங்கு நடத்துவாங்க. அதுக்கப்புறம் ஜூலையில கோடை மழை வரும். வருஷம் ஆரம்பம்.

அவங்களுக்கு சவாரோ செடி கிடையாது, மனுஷங்க மாதிரி. அதை நான் முதல்ல படிச்சப்போ அழகான நம்பிக்கைன்னு நினைச்சுக் கடந்து போயிட்டேன். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. தாத்தா பழம் பறிச்ச அதே செடியில பேத்தி பழம் பறிக்கிறா. அந்தச் செடி ரெண்டு பேரையும் விட மூத்தது.

இப்போ விஞ்ஞானத்துக்கு வருவோம். 1903-ல கார்னெகி நிறுவனம் டூசான் நகரத்துக்குப் பக்கத்துல டுமமாக் குன்று மேல ஒரு பாலைவன ஆய்வுக்கூடம் கட்டுது. சவாரோவோட அறிவியல் பேர் கார்னெகியா ஜைஜான்டியான்னு 1908-ல மாறினதும் இந்த கார்னெகியால, அதாவது இரும்பு ஆலை முதலாளி ஆண்ட்ரூ கார்னெகியாலதான். செடியைப் பாக்காதவங்க பேர் செடிக்குப் போறது உலக வழக்கம்.

அந்தக் குன்றுல வேலை செஞ்சவங்கள்ல எனக்குப் பிடிச்சவங்க எஃபி ஸ்பால்டிங். அமெரிக்க விவசாயத் துறை வேலைக்கு எடுத்த முதல் பெண் தாவர நோய் நிபுணர் அவங்கதான், 1887-ல. டூசான்ல அவங்க செஞ்சது கேட்க ரொம்ப எளிமையான வேலை: சவாரோவோட மடிப்புகளுக்கு நடுவுல இருக்கிற தூரத்தை அளந்தாங்க. மழைக்கு முன்னாடி, மழைக்குப் பின்னாடி, தண்ணி ஊத்தி, ஊத்தாம. ஆர்மோனியத்தோட துருத்தியைப் பாத்திருப்பீங்களே, அதே மாதிரி அந்த மடிப்புகள் தண்ணி கிடைச்சா விரியுது, கிடைக்காதப்போ சுருங்குது. தோல் கிழியாம, உடம்பு பெருத்து இளைக்குது. 1905-ல அதை எழுதி வெளியிட்டாங்க. ஒரு வருஷத்துல ஒரு சவாரோ என்ன அனுபவிக்குதுன்னு உடம்புலயே எழுதி வச்சிருக்குன்னு இதிலேர்ந்து தெரிஞ்சுது.

அதே குன்றுல ஃபாரஸ்ட் ஷ்ரீவ்னு ஒருத்தர். இவரை ஞாபகம் வச்சுக்குங்க. 1910-ல அந்தக் குன்றுல இருக்கிற சவாரோக்களை எண்ணிப் பாத்து, சின்னக் கன்றுகள் ரொம்பக் கம்மியா இருக்கு, செத்துப்போறதை ஈடுகட்ட இது பத்தாதுன்னு எழுதினார். அடுத்த வருஷம் 1911-ல இன்னொரு கட்டுரை: சவாரோவோட எதிரி குளிர். எவ்வளவு கீழே இறங்குதுங்கறது மட்டும் கணக்கில்ல, உறைபனி எத்தனை மணி நேரம் விடாம நீடிக்குதுங்கறதுதான் கணக்கு. ராத்திரி உறைஞ்சாலும் பகல் வெயில்ல இளகிட்டா பொழைச்சுக்கும். நடுப்பகல்லயும் இளகாத ஒரே ஒரு நாள் வந்தா தாங்காது. இவ்வளவுதான் விஷயம். எழுதினார், அச்சாச்சு, அலமாரிக்குப் போயிடுச்சு.

அடுத்தது 1930-கள். டூசானுக்குக் கிழக்கே ரின்கான் மலையடிவாரத்துல ஒரு பிரமாதமான சவாரோ காடு இருந்துச்சு. அரிசோனா பல்கலைக்கழகத் தலைவரா இருந்த ஹோமர் ஷான்ட்ஸ் ஒரு தாவரவியலாளர்; அந்தக் காட்டைக் காப்பாத்தியே ஆகணும்னு பாடுபட்டார். 1933 மார்ச் 1-ஆம் தேதி ஜனாதிபதி ஹூவர் அதை தேசிய நினைவுச் சின்னமா அறிவிச்சார். பதவியை விட்டு இறங்க மூணே நாள் இருந்தப்போ போட்ட கையெழுத்து.

அந்தக் காலத்துப் புகைப்படங்கள் கிடைச்சாப் பாருங்க. கை கையா முளைச்ச ராட்சசங்க ஆயிரக்கணக்குல நிக்குது. பாக்கிறவங்க எல்லாரும் 'ஆஹா'ன்னாங்க. நான் இந்தக் கதை தெரிஞ்சப்புறம் அதே படத்தைப் பாத்தப்போ வயித்தைக் கலக்குச்சு. ஏன்னா படத்துல குழந்தைகளே இல்ல. ஒரு ஊருக்குப் போறீங்க, எல்லாருமே எழுபது எண்பது வயசுத் தாத்தா பாட்டி, தெருவுல ஒரு சின்னப் பிள்ளை கூட இல்ல. அந்த ஊரைப் பாத்து கம்பீரம்னு சொல்வீங்களா?

சின்னம் அறிவிச்சு ஏழெட்டு வருஷத்துலயே ராட்சசங்க அழுக ஆரம்பிச்சுது. பச்சை உடம்புல கருப்பா ஒரு புள்ளி, அது பரவி, கருப்புத் தண்ணி ஒழுகி, கொஞ்ச நாள்ல மொத்த மரமும் சரியும். நோய் நிபுணர்கள் வந்தாங்க. அழுகல்லேர்ந்து ஒரு பாக்டீரியாவைப் பிரிச்செடுத்து, 1942-ல எர்வினியா கார்னெகியானான்னு பேர் வச்சாங்க. குற்றவாளி கிடைச்சாச்சு.

1941-லயே வைத்தியம் ஆரம்பிச்சுது. ஒரு சதுர மைல் காட்டை எடுத்துக்கிட்டாங்க. பாதியில நோய் கண்ட சவாரோவையெல்லாம் வெட்டி, துண்டாக்கி, குழி தோண்டிப் புதைக்கிறது. மீதிப் பாதியை அப்படியே விட்டு ஒப்பிடறது. 300-க்கும் மேல சவாரோக்களை வெட்டினாங்க. ஒவ்வொண்ணும் டன் கணக்குல எடை, உடம்பெல்லாம் முள், வயசு நூறுக்கு மேல. அந்த வேலையைச் செஞ்ச ஆட்களை நினைச்சுப் பாக்கிறேன். பெனிசிலின் புதுசா வந்தப்போ சவாரோவுக்கு பெனிசிலின் ஊசி போட்டுக்கூடப் பாத்தாங்க. இதுல கிண்டல் பண்ண எனக்குத் தகுதி இல்ல, பூஞ்சை மருந்து அடிச்சவன் நான்.

முடிவு? வருஷக் கணக்கா எண்ணிப் பாத்தாங்க. வெட்டின பாதியிலும் வெட்டாத பாதியிலும் சாவு ஒரே மாதிரி. இன்னும் ஒரு இருபது வருஷம் போச்சு. 1960-களோட தொடக்கத்துல, இதே வேகத்துல போனா இந்த நூற்றாண்டு முடியறதுக்குள்ள இந்தக் காடு காணாமப் போயிடும்னு கணக்குப் போட்டுச் சொன்னாங்க. சவாரோவுக்காகவே உருவாக்கின இடத்துல சவாரோ இருக்காது.

இந்த இடத்துலதான் வாரன் ஸ்டீன்பெர்க், சார்ல்ஸ் லோ ரெண்டு பேரும் வர்றாங்க. இவங்க செத்துக்கிட்டிருக்கிற மரத்தோட நிறுத்திக்கல. எப்போ, எந்தக் குளிர்காலத்துக்கு அப்புறம், எந்த வயசு மரம் சாகுதுன்னு வருஷக் கணக்கா பின்தொடர்ந்தாங்க. 1971 ஜனவரியில அரிசோனாவுல கடும் உறைபனி. அது முடிஞ்ச மறுநாள் போய்ப் பாத்தா பெரிய வித்தியாசம் தெரியாது. மரங்க பச்சையாத்தான் நிக்கும். ஆனா உள்ளே சதை உறைஞ்சு செத்துப்போயிருக்கும். மாசங்கள் கழிச்சு அழுகல் வெளியே தெரியும். சில மரம் வருஷங்கள் கழிச்சு விழும். அந்த பாக்டீரியா? ஏற்கெனவே செத்த சதையைத் தின்ன வந்தது. எறும்பு மொய்க்கிற செத்த பல்லியைப் பாத்து, எறும்புதான் கொன்னுச்சுன்னு சொல்ற மாதிரி ஆயிடுச்சு முப்பது வருஷ ஆராய்ச்சி.

அப்படின்னா 1940-ல அழுகினது? 1937 ஜனவரியில வந்த கடும் உறைபனி. ஷ்ரீவ் 1911-ல எழுதினது அப்படியே. டுமமாக் குன்றுலேர்ந்து அந்தக் காடு ஒரு மணி நேரத்துக்குள்ள கார்ல போயிடற தூரம். பதில் முப்பது வருஷமா பக்கத்து ஊர் அலமாரியில இருந்திருக்கு.

இன்னைக்கும் சவாரோ படங்கள்ல சிலதோட கை மேலே போகாம தொங்கி, முறுக்கிக்கிட்டு இருக்கும். ஏதோ நடனம் ஆடுற மாதிரின்னு எல்லாரும் செல்ஃபி எடுப்பாங்க. அது பெரும்பாலும் பழைய உறைபனி ஒண்ணோட தழும்பு. கையோட அடிப்பாகச் சதை அடிபட்டு பாரம் தாங்காம இறங்கிடும், பொழைச்சிட்டா நுனி மறுபடி மேலே திரும்பும். டூசான்ல குளிர்காலத்துல தெருவுல நடந்தா, வீட்டு வாசல் கேக்டஸ் ஒவ்வொண்ணோட தலையிலயும் தெர்மாகோல் டீ கப்பைக் கவுத்து வச்சிருப்பாங்க. வளர்ற நுனியைப் பனியிலேர்ந்து காப்பாத்த. இவ்வளவு ஆராய்ச்சிக்கப்புறம் கிடைச்ச மருந்து ஒரு டீ கப்.

சரி, பெரியவங்க செத்தது குளிரால. குளிர் எப்பவும் வந்துட்டுத்தானே இருந்திருக்கு? அப்புறம் ஏன் காடு காலியாச்சு? திரும்ப அந்தப் புகைப்படத்துக்குப் போகணும். குழந்தைகள் எங்கே?

ஒரு சவாரோ வாழ்நாள்ல கோடிக் கணக்குல விதை போடும். ஆனா கடுகு மாதிரி இருக்கிற அந்தக் கன்று வெட்டவெளியில பிழைக்காது. வெயில் பொசுக்கும், பனி கொல்லும், எலி தின்னும். அதுக்கு மேல ஒரு குடை வேணும். பாலோ வெர்டே மரமோ மெஸ்கீட் மரமோ அந்தக் குடை. தாதி மரம்னு சொல்றாங்க. மெஸ்கீட் நமக்கு அந்நியம் இல்ல, நம்ம ஊர் சீமைக் கருவேலத்தோட நெருங்கின சொந்தம். இங்க நாம திட்டற குடும்பம், அங்க ஆயா வேலை பாக்குது.

1880-கள் வாக்குல அந்த மலையடிவாரத்துல சுண்ணாம்புக் காளவாய் போட்டாங்க. வளர்ந்துட்டிருந்த டூசான் நகரத்துக்குக் கட்டடம் கட்ட சுண்ணாம்பு வேணும், காளவாய்க்கு விறகு வேணும். வெட்டினது மெஸ்கீட், பாலோ வெர்டே. சவாரோவை யாரும் தொடல, விறகுக்கு ஆகாதே! அதனால காடு அப்படியே இருக்கிற மாதிரிதான் தெரிஞ்சுது. கூடவே மாட்டு மந்தைகள். நிழலுக்காக மரத்தடியில ஒதுங்கும் மாடுகள், கன்று இருக்கிறதும் அங்கதான். மிதிபட்டே போச்சு. தேசிய சின்னமா ஆனதுக்கப்புறமும் மேய்ச்சல் நடந்துச்சு. 1958 வாக்குலதான் அந்தக் காட்டுல நின்னுச்சு.

ஆரம்பத்துல சொன்ன கணக்கை இப்போ போடுங்க. 1880-ல பிறந்திருக்க வேண்டிய சவாரோ 1940-ல அறுபது வயசு, இப்பத்தான் முதல் கை முளைக்கிற வாலிபம். அந்தத் தலைமுறையே பிறக்கல. தாத்தாக்களைப் பனி எடுத்துட்டுப் போனப்போ இடத்தை நிரப்ப ஆளில்ல. 1941-ல குழி தோண்டி மரத்தைப் புதைச்சுக்கிட்டிருந்தவங்க, அறுபது வருஷத்துக்கு முன்னாடி எரிஞ்ச அடுப்போட புகையைத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க.

மாடு போன அப்புறம் என்னாச்சு தெரியுமா? யாரும் எதுவும் பெரிசா செய்யல. தாதி மரங்கள் தானா வந்துச்சு. 1960, 70, 80-கள்ல கோடை மழை ஓரளவு நல்லா அமைஞ்சுது. மெஸ்கீட் அடியில விரல் நீளத்துக்கு, குழந்தைகள். 1994-ல அது தேசியப் பூங்காவா உயர்ந்துச்சு. காணாமப் போயிருக்கும்னு சொன்ன அந்த வருஷங்கள்ல எண்ணினப்போ, பின்னாடி சேர்ந்த மேற்குப் பகுதியையும் சேர்த்து, 10 லட்சத்துக்கும் மேல சவாரோ. பெரும்பாலானது சின்னது. சுற்றுலாப் பயணிகளுக்கு ஏமாத்தம்தான். அந்தப் பழைய ராட்சசக் காடு இப்போ அங்க இல்ல. அதைப் பாக்கணும்னா இன்னும் எழுபது எண்பது வருஷம் ஆகும்.

இங்கேயே நிறுத்தினா சுபம். ஆனா 1930-கள்ல இன்னொரு வேலையும் நடந்துச்சு. மண் அரிப்பைத் தடுக்க, மாட்டுக்குத் தீவனமாக, ஆப்பிரிக்காவுலேர்ந்து ஒரு புல்லைக் கொண்டுவந்து அரிசோனாவுல விதைச்சாங்க. பேரைத் தேடினப்போ சிரிச்சிட்டேன். நம்ம கொழுக்கட்டைப் புல்! காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காட்டுல காங்கேயம் மாடு மேயுமே, அதே புல். இங்க அது தங்கம். அங்க அது எமன். ஏன்னா சோனோரன் பாலைவனத்துல செடிக்கும் செடிக்கும் நடுவுல வெறும் மண்தான், தீ பிடிச்சாலும் பரவாது. அந்த வெறும் மண்ணை இந்தப் புல் நிரப்பிடுச்சு. காய்ஞ்சதும் தீ ஓடுது. தீயோடயே வாழ்ந்து பழகாத சவாரோ வெந்துபோகுது. இப்போ தன்னார்வலர்கள் வார இறுதியில கடப்பாறையோட மலையேறிப் புல்லைப் பிடுங்கறாங்க.

இன்னொண்ணு, வெயில். பாலைவனச் செடிக்கு வெயில் என்ன பண்ணும்னு கேப்பீங்க. பகல் இல்ல பிரச்சனை, ராத்திரி. சவாரோ பகல்ல மூச்சை அடக்கிக்கும், தண்ணி வீணாகக் கூடாதுன்னு. ராத்திரி குளிர்ந்தப்புறம்தான் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கும். 2023 ஜூலையில ஃபீனிக்ஸ் நகரத்துல தொடர்ந்து 31 நாள் பகல் வெப்பம் 43 டிகிரிக்கு மேல. அதுல 16 ராத்திரி தொடர்ச்சியா 32 டிகிரிக்குக் கீழ இறங்கவே இல்ல. சவாரோக்கள் கை உதிர்ந்து சரிஞ்ச படங்கள் செய்தியில வந்துச்சு. பாக்கிறவங்களுக்கு அந்த ஜூலை கொன்ன மாதிரி இருந்துச்சு. ஆனா 2020-லயே அங்க மழை பொய்ச்ச, பயங்கரமான ஒரு கோடை வந்திருந்துச்சு. அப்போ அடிபட்டு நின்னுட்டிருந்ததும் இதுல சேர்த்திதான். 2023-ல அடிபட்டது எப்போ விழும்னு, இப்போ பச்சையா நிக்கிறதைப் பாத்துச் சொல்ல முடியாது.

என் கேக்டஸ் கதையை முடிச்சிடறேன். நர்சரி அக்கா சொல்லி, விழுந்ததோட உச்சியில ஒரு முழம் வெட்டினேன். வெட்டின இடத்துல பழுப்புப் புள்ளி ஒண்ணு கூட இல்லாத வரைக்கும் மேல மேல சீவணும்னாங்க, சீவினேன். ரெண்டு வாரம் நிழல்ல சாய்ச்சு வச்சு வெட்டு காய்ஞ்சப்புறம், பாதிக்குப் பாதி ஆத்துமணலும் செங்கல் பொடியும் கலந்த தொட்டியில நட்டேன். வேர் பிடிக்கிற வரைக்கும் தண்ணி கிடையாது. ஏப்ரல், மே மாசத்துல மண் உள்ளே வரைக்கும் காய்ஞ்சா ஒரு தடவை நல்லா ஊத்தறது. ஜூன்ல நுனியில புதுசா வெளிர்ப் பச்சை வந்துச்சு. அக்டோபர் பொறந்ததும் தொட்டியை பால்கனி கைப்பிடி ஓரத்துலேர்ந்து உள்ளே இழுத்து, மழை படாத சுவரோரமா வச்சிட்டேன்.

பாக்க நல்லாத்தான் இருக்கு. அக்காகிட்ட போட்டோ காட்டினேன். "பொங்கலுக்கு அப்புறம் வந்து காட்டுங்க தம்பி"ன்னாங்க.